பாலையும் புழுதியும்

கோடை வெப்பத்தால் தன்மை கெட்ட முல்லையும் குறிஞ்சியுமே பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மறையவன் கூற்று. இதனை வெறும் புலவர் மரபு என்பார் உளர். அது பொருந்தாது.

அமெரிக்கச் சமவெளியில் புல்வெளியை உழுதழித்துக் கோதுமை விதைத்தனர். 1930களில் மழை பொய்த்தது. வேர்ப்பிடிப்பு இழந்த மேல்மண்ணைக் காற்று புழுதியாக வாரிச் சென்றது. மேய்ச்சல் நிலமாகிய முல்லை பாலையாயிற்று!

அப்புழுதியோடு தொடங்குவது ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல். பாலைக்குரிய பிரிவே அதன் பொருளும். ஆயின் பிரிவது தலைவன் அல்லன், நிலமிழந்த குடும்பம். இளங்கோவடிகள் கதிரவனைக் காரணமாக்கினார். ஸ்டைன்பெக் வங்கியையும் டிராக்டரையும் சேர்த்துக் காட்டினார்.

மூடுபயிர் அற்ற மண் நில்லாதென்பதைத் தோட்டத்து மாணவன் கண்ணால் அறிவான். அவனுக்குப் பாலைத்திணையை மண்ணியலோடு இணைத்துக் கற்பித்தலே தகும்.