கடல்கொண்ட நாடும் கைவிட்ட சாட்சியும்

‘குமரிக்கண்டம்’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தோள் பூரியாத தமிழர் தோட்டத்திலும் அரியர், பட்டணத்திலும் அரியர். நாமும் அவ்வாறு பூரித்தவர்களே. ஆயினும் அப்பெருமைக்கு ஆதாரமாக நம் எழுத்தாளர் காட்டும் விஞ்ஞானத்தை ஒருமுறை விசாரித்தல் நம் கடமையன்றோ?

பழைய நூல்கள் கூறுவது அளவானது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுட் புகுந்த செய்தியைச் சிலப்பதிகாரம் சுருங்கச் சொல்லி மேற்செல்கிறது. உரை கண்ட அடியார்க்கு நல்லாரே அந்நிலத்துக்கு 700 காவதமும் 49 நாடும் வகுத்துக் கொடுத்தவர். அவரிடத்தும் அது மனிதகுலத்தின் தொட்டில் என்ற பேச்சில்லை. அக்கருத்துக் கப்பலேறி வந்தது.

மடகாஸ்கர் தீவில் லெமூர்கள் மலிந்திருக்க, அவற்றின் உறவாகிய தேவாங்கு இந்தியாவில் வாழ்வானேன் என்று ஐயுற்ற ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர், இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து மறைந்திருத்தல் வேண்டுமென 1864-இல் ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். பின்னர் ஜெர்மானியராகிய ஹெக்கல் மனிதனின் பிறப்பிடத்தையும் அங்கே வைத்தார். தேவாங்குக்காகக் கட்டிய பாலத்தில் நாம் நம் சங்கங்களையும் ஏற்றிவிட்டோம்!

ஏன் ஏற்றினோம் என்று எண்ணுங்கால் நகைக்கத் தோன்றவில்லை. நாகரிகம் யாவும் வடக்கினின்றே வந்ததென்று அயலாரும் நம்மவரிற் சிலரும் ஓதிவந்த காலம் அது. இகழப்பட்ட ஓரினம், ஐரோப்பியர் வாயினின்றே தனக்கொரு சாட்சி கிடைத்ததெனக் கருதிப் பற்றிக்கொண்டது இயல்பே.

குற்றம் அதற்குப் பின் நேர்ந்தது. குமரிக்கண்டமே மாந்தன் பிறந்தகம் என்று நிறுவத் தேவநேயப் பாவாணர் 1966-இல் ஆங்கிலத்தில் நூல் செய்தார். அவர்தம் சொல்லாராய்ச்சியின் உழைப்பை நாம் வணங்குகிறோம். ஆயின் அதே பத்தாண்டில் கடலடித் தரையை ஆராய்ந்தோர், நிலத்தட்டுகள் நகர்வன என்று காட்டினர். ஒன்றாயிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அக்காலத்தில் மனிதனே இல்லை. லெமூரியா வேண்டாததாயிற்று. பனியூழி முடிவில் கடல் 120 மீட்டர் அளவு உயர்ந்து கரையோரங்களை விழுங்கியது உண்மை. ஒரு கண்டத்தை அது விழுங்கவில்லை. சாட்சி தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்ற பின்னும், அதனை வாசகர்க்கு உரையாது பழைய வாக்குமூலத்தையே அச்சிடுவோரை ஆராய்ச்சியாளர் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியொன்று கி.மு. 580-ஐச் சார்ந்ததெனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. இக்கணக்கையும் ஐயுறுவோர் உளர். ஐயுறட்டும், மீண்டும் அளக்கட்டும். அங்கே ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானையோடு ஒன்று கிடைத்துள்ளது. அதனைக் கையிலெடுத்துப் பார்க்கலாம்.