கிருஷ்ணனின் காமிரா

போட்டோ பிடிப்பது மனத்துக்குச் சாந்தி தரும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். சொல்பவர்களில் நானும் ஒருவன். தூக்கம் கெட்டிருந்த காலத்தில் காட்டாங்குளத்தூரில் நீர்க்கரை ஓரமாகக் காமிராவோடு உட்காரப் பழகியவன் நான். ஆனால் அந்தச் சாந்தி காமிராவிலிருந்தா வருகிறது? அப்படியானால், நாளைக்கு நூறு படம் எடுத்துத் தள்ளும் கைபேசிக்காரர்கள் அத்தனை பேரும் இந்நேரம் முனிவர்களாகியிருக்க வேண்டுமே!

இதற்கு விடை தேடியபோது எனக்கு உதவியவை மா. கிருஷ்ணனின் படங்கள். அவர் 1912-ல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை, 1996-ல் காலமாகும் வரை, 46 வருஷம் விடாமல் எழுதினார். படங்களைப் பார்க்க விரும்புவோருக்கு 2006-ல் வெளிவந்த 'ஐ இன் த ஜங்கிள்' என்ற புத்தகம் இருக்கிறது.

எல்லாம் கறுப்பு வெள்ளை. யானையின் கண்ணை மட்டும் பெரிதாக்கி நம்மை மிரட்டுகிற வித்தை இங்கே இல்லை. யானை முழுசாக நிற்கிறது. அது நிற்கிற புதரும் மண்ணும் கூடவே இருக்கின்றன. 'என் சாமர்த்தியத்தைப் பார்' என்று படம் பிடித்தவர் குறுக்கே வருவதில்லை. நல்ல நாவலாசிரியன் தன் பாத்திரங்களை விட்டு ஒதுங்கி நிற்பானே, அந்த ஒதுக்கம்தான் இது. அவரது காமிராவோ ஒன்றின் உடலும் இன்னொன்றின் லென்ஸுமாகச் சேர்த்துக் கட்டிய கனத்த யந்திரம். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பட்டப்பெயர். அதைத் தூக்கிக்கொண்டு மிருகத்தின் பின்னால் ஓட முடியாது, காத்திருக்கத்தான் முடியும். பிலிமும் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய சரக்கு. நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஜீவனை நாம் மதித்துக் காத்திருப்பது — சாந்தி பிறக்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் நம் கவலைக்கு உட்கார இடம் இருப்பதில்லை.

குறையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த படங்களில் மனிதன் அநேகமாக இல்லை. காட்டில் அது சரி. நம் செங்கல்பட்டுச் சீமைக்கு அது பொருந்தாது. வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணனே அந்தச் சரணாலயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்வயலுக்கு உரம் என்று அறிந்த கிராமத்தார், தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்களை விரட்டிப் பறவைகளைக் காத்தார்கள். அங்கே கரைமேல் நிற்கும் குடியானவன் இல்லாவிட்டால் மரத்தின்மேல் நாரையும் இல்லை. அவனை விட்டுவிட்டால் படம் அழகாக இருக்கலாம். உண்மை அரைக்கால் குறையும். அதிலும் காட்டாங்குளத்தூர் போன்ற இடத்தில் ரயிலையும் லாரியையும் புதுக் கட்டடங்களையும் ஒதுக்கிவிட்டுக் கொக்கை மட்டும் பிடித்தால் கிடைப்பது சாந்தி அல்ல, மறதி.

ஆனாலும், இந்தக் குறையைக் காணவும் கண்ணைப் பழக்கியவர் கிருஷ்ணன்தான். காமிரா வாங்கப் போகிறவர்கள் முதலில் தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவரது தமிழ்க் கட்டுரைகளை, 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலைப் படிக்கட்டும். லென்ஸின் விலையை அப்புறம் விசாரிக்கலாம்.