வாழ்வியல் பாவனை விளையாட்டுகளில் பாத்திர நினைவும் குணமும்: அகமரபு வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினி விளையாட்டுகளுள் ஒருவகை, வெற்றி தோல்வி என்னும் முடிவின்றி, கற்பனை மாந்தர் சிலரை வீடொன்றில் குடியமர்த்தி அவர்தம் அன்றாட வாழ்வை நடத்திச் செல்லும் பொறுப்பை ஆடுவோரிடம் அளிக்கிறது. வில் ரைட் வடிவமைப்பில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'தி சிம்ஸ்' இவ்வகைக்குச் சிறந்த சான்று. மும்பை பாண்டுப்பில் கட்டுரையாளரின் குடியிருப்பைச் சார்ந்த கல்லூரி மாணவி ஒருவர் இவ்வரிசையின் நான்காம் விளையாட்டை ஆடிக் காட்டினார். கணவன் வேறொருத்தியை நாடியதைக் கண்ட மனைவி சினந்தாள். சில இன்சொற்களுக்குப் பின் பழைய நிலைக்கே திரும்பினாள். "இவளுக்கு ரோஷமே இல்லை" என்றார் மாணவி. இஃது ஒரு திறனாய்வுத் தீர்ப்பாகும். அத்தீர்ப்பின் அடிப்படையை அகப்பொருள் மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குணமும் நினைவும்

2004இல் வெளிவந்த இரண்டாம் விளையாட்டு, தூய்மை, பிறரோடு பழகும் இயல்பு, சுறுசுறுப்பு, விளையாட்டுத்தன்மை, நல்லியல்பு ஆகிய ஐந்தையும் அளவுகோலிட்டு வழங்கியது. திருமணம், இறப்பு முதலியவற்றை நினைவுப் பட்டியலாகவும் சேமித்தது. 2009இன் மூன்றாம் விளையாட்டு அளவுகோலைக் கைவிட்டு, வளர்ந்தோர்க்கு ஐந்து குணப்பெயர்களைத் தேர்ந்துகொள்ளச் செய்தது. 2014இன் நான்காம் விளையாட்டு அவ்வெண்ணிக்கையை மூன்றாகக் குறைத்து உணர்ச்சி நிலைகளை முதன்மைப்படுத்தியது. 2020இல் ஒருவர்மீது மற்றவர் கொள்ளும் மனப்பதிவுகளும், 2023இன் கூடுதல் தொகுப்பொன்றில் பட்டறிவால் குணம் மாறும் வாய்ப்பும் சேர்ந்தன. இவை வரவேற்கத்தக்கன. எனினும் குணம் ஒரு பெயர்ச்சீட்டாகவும் நினைவு தனியொரு கணக்காகவும் நிற்கும் நிலை முற்றிலும் நீங்கவில்லை.

ஊடல்

அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. பெயரோ குணப்பட்டியலோ இன்றியும் தலைவியும் தோழியும் தனித்த உயிர்களாக நம்முன் நிற்கின்றனர். பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனைத் தலைவி உடனே ஏற்பதில்லை. அவளது ஊடலைச் 'சினமுடையவள்' என்ற குணப்பெயரால் விளக்கிவிட இயலாது. அன்பும் நினைவும் மோதுவதால் அது பிறக்கிறது. அந்நிகழ்வே தோழியின் உள்ளத்தில் வேறுவிதமாகத் தங்குகிறது. அவள் வாயில் மறுப்பதும் உண்டு, நேர்வதும் உண்டு. ஒரே நிகழ்வு அவரவர் இயல்புக்கேற்ப வெவ்வேறு நினைவாகிறது. அந்நினைவு பின்னர் இயல்பையே மாற்றுகிறது. விளையாட்டு மனைவியிடம் மாணவி காணாதது இவ்விரு வழிப் போக்கே.

அலர்

நினைவு ஒருவர் உள்ளத்தில் மட்டும் தங்குவதன்று. அலர் என்பது ஊரின் நினைவு. பாண்டுப்பின் சால் குடியிருப்புகளில் பொது நடையைப் பகிர்ந்து வாழ்வோர் இதனை நன்கறிவர். ஒருவர் தம் பழைய பிழையை மறந்தாலும் எதிர்வீட்டார் மறப்பதில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் 25 செயற்கை மாந்தரைச் சிற்றூரொன்றில் உலவவிட்டனர். அண்மை, முதன்மை, பொருத்தம் ஆகிய மூன்றும் நோக்கி நினைவுகள் மீட்கப்பட்டன. அவற்றிலிருந்து பொதுக் கருத்துகளும் உருவாக்கப்பட்டன. ஒருத்தி எண்ணிய விருந்துச் செய்தி வாய்வழி பரவி, ஐவர் அதற்கு வந்தனர். இஃது அலரின் தொடக்கம் எனலாம். ஆயின் இரண்டு நாள் கற்பனை வாழ்வுக்கே ஆயிரக்கணக்கான டாலர் செலவாயிற்று என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

இவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒரு நிகழ்வில் எதனை நினைவிற்கொள்வது என்பதைப் பாத்திரத்தின் குணம் தீர்மானிக்க வேண்டும். தங்கிய நினைவு அக்குணத்தைச் சிறிதேனும் மாற்ற வேண்டும். அந்நினைவின் ஒரு கூறு அயலாரிடமும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் சேமித்தல் இதற்குத் தேவையில்லை. சிலவற்றை மறக்கவியலாமையே போதும். மாந்தர் என்போர் மூன்று பெயர்ச்சீட்டுகளின் தொகுப்பு என்று இளையோர் பழகிவிடுவதற்கு முன், ஊடலையும் அலரையும் கற்பிக்கும் நாம் இவ்விளையாட்டுகளையும் ஆய்வுக்களமாகக் கொள்ளுதல் தகும். அம்மாணவி அகப்பாடல் பயின்றவர் அல்லர். எனினும் ஊடல் இல்லாத இடத்தை அவர் உடனே கண்டுகொண்டார்.