கொடுக்க முடியாதது

மனித உரிமைகளைத் தமிழில் 'பறிக்க முடியாத உரிமைகள்' என்று எழுதிப் பழகிவிட்டோம். இச்சொற்றொடர் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. பறிப்பவர் என்றதும் அரசும் காவல்துறையும் முதலாளியும்தான் நினைவுக்கு வருகிறார்கள். பெண்கள் உரிமை இழப்பதோ பெரும்பாலும் வேறு வழியில்: வீட்டார் கூடி, வெற்றிலை பாக்கு மாற்றி, அவளைக் கொடுக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனத் தமிழாக்கத்தில் 'பராதீனப்படுத்த முடியாத' என்றிருக்கிறது. மாணவிகள் முகம் சுளிக்கும் சொல், ஆனால் துல்லியமானது. பராதீனம் என்றால் பிறர் வசமாக்குதல். நிலத்தைக் கைமாற்றுவதற்கான சட்டச் சொல்லும் அதுவே.

இந்தக் கருத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் காரணம் சொன்னவர்களில் ஒருவர் பிரான்சிஸ் ஹட்சிசன். பொருளை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். மனச்சான்றைக் கொடுக்க இயலாது. பிறர் ஆணையிட்டார் என்பதற்காக நம்மால் ஒன்றை நம்பவோ விரும்பவோ முடியாது. எனவே அது நாமே விரும்பினாலும் கைமாறாத உரிமை. 1776இன் அமெரிக்கப் பிரகடனத்திலும் இதே கருத்து ஒலிக்கிறது. ஆனால் அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் மனைவியின் கூலிகூடக் கணவனுடையது. 1948லும் வரைவின் முதல் பிரிவில் ஆண்களைக் குறிக்கும் சொல்லே இருந்தது. அதை 'மனிதப் பிறவியினர்' எனப் பொருள்படும்படி மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா.

ஓசூர் வகுப்பறையில் மூன்று மொழிகள் புழங்கும். தமிழில் 'பெண் கொடுத்தல்', கன்னடத்தில் 'ஹெண்ணு கொடுவுது', தெலுங்கில் 'பில்லனிவ்வடம்'. மூன்றிலும் வினை ஒன்றே. பெண் அந்த வினைக்குச் செயப்படுபொருள்.

2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைக் கிராமத்துச் சிறுமி ஒருத்திக்குப் பெங்களூரில் திருமணம் செய்துவைத்தார்கள். வயது 14. கணவன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். கதறியவளைத் தூக்கிச் சென்ற காணொளியைத் தமிழகமே பார்த்தது. கணவனோடும் அவன் அண்ணனோடும் சிறுமியின் தாயும் கைதானார். தூக்கியவர்களின் குற்றம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன்பே அவள் கொடுக்கப்பட்டதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சட்டமும் இங்கே தடுமாறுகிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், கடத்தல், கட்டாயம், விற்பனை போன்ற சில நிலைகளில்தான் திருமணம் செல்லாது என்கிறது. மற்றவை, அவள் நீதிமன்றம் சென்று ரத்துக் கேட்கும்வரை செல்லும். 18 வயது நிறைந்தபின் அதற்கு 2 ஆண்டுகளே அவகாசம். கர்நாடகம் 2016இல் திருத்தம் கொண்டுவந்து, எல்லாக் குழந்தைத் திருமணங்களும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்றது. ஜூஜுவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்குப் பேருந்தில் சில நிமிடங்கள். அதற்குள் ஒரு சிறுமியின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் மதிப்பு மாறிவிடுகிறது.

கர்நாடகத் திருத்தமே தத்துவத்துக்கு நெருக்கமானது. கொடுக்க யாருக்கும் உரிமை இல்லாத ஒன்றைக் கொடுத்தால், அங்கே கொடையே நிகழவில்லை. நிகழாத ஒன்றை ரத்துச் செய்யச் சொல்லி அவள் ஏன் மனுப்போட வேண்டும்? தமிழகச் சட்டமன்றத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.