28 ஆண்டு இடைவெளி, அதே பத்து ராகங்கள்

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் மீண்டும் களமிறங்கினால் முதலில் எல்லார் கண்ணும் அவர் உடம்பின் மேல்தான் போகும். ஜப்பானின் கிமிகோ டாதே 1996-ல் டென்னிஸை விட்டார், 2008-ல் திரும்பி வந்தார், மறு ஆண்டு சியோலில் 38 வயதில் பட்டம் வென்றார். கால் ஓடுகிறதா, தோள் தாங்குகிறதா என்பதை ஸ்கோர் போர்டே சொல்லிவிட்டது. இசை மேடையில் அப்படி ஒரு பலகை கிடையாது. அதிலும் யாரும் போகாத வழியில் போய்ப் பார்த்த ஒருவர், பல வருடம் கழித்து அதே வழியில் திரும்பி வந்தால் எதை வைத்து எடை போடுவது? சரண்ஜித் சிங்கின் மறுவருகையை அலசும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

இந்தி சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர் அவர். ஆர்.டி. பர்மனின் குழுவிலும் இருந்தவர். 1982-ல் ஊரெல்லாம் டிஸ்கோ மோகம். சிங்கப்பூரில் வாங்கிவந்த ரோலண்ட் கம்பெனியின் மின்னணுக் கருவிகளை வீட்டில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். டி.ஆர்-808 தாளத்துக்கு, டி.பி-303 அடிநாதத்துக்கு, ஜூப்பிட்டர்-8 ராகத்துக்கு. பாட்டு இல்லை, தபலா இல்லை. பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்று பத்து ராகங்களைப் பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அந்த இசைத்தட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் சினிமாவுக்கும் கல்யாண வீட்டு மேடைகளுக்கும் வாசிக்கப் போய்விட்டார்.

ஐந்து வருடம் கழித்து, 1987-ல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே டி.பி-303-ஐத் திருகி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டது. உலகம் அதை ஒரு புதிய இசைவகையின் தொடக்கம் என்று கொண்டாடியது. நம் பம்பாய்க்காரரின் தட்டு தூசு படிந்து கிடந்தது. 2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் என்ற இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லிக் கடை ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுவெளியீடு செய்தார். 1982-ல் இப்படி ஒன்று வந்திருக்கவே முடியாது, யாரோ செய்த மோசடி என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

டெல்லிக் கடை என்பது இங்கே வாழும் எனக்கு உறுத்துகிறது. தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் கரோல் பாக்கிலும் புசா ரோட்டைச் சுற்றியும் தலைமுறைகளாக இருக்கின்றன. தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இதே சாலையில் இருக்கிறது. ராகம் தெரிந்த காதுகளுக்கு இந்த ஊரில் என்றுமே பஞ்சம் இல்லை. ஆனாலும் அந்தத் தட்டைத் தூக்கிப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் பக்கத்து ஆள்தான் வர வேண்டியிருந்தது.

அண்மையில் புசா ரோட்டில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து பத்து ராகங்களையும் ஒரே மூச்சில் கேட்டோம். ஜன்னலுக்கு நேர் எதிரே மேம்பாலத்தில் நீலத்தட மெட்ரோ. ரயில் போகும்போதெல்லாம் மேசையில் காபி டம்ளர் அதிரும். எங்களில் ஒருவர் மிருதங்கம் வாசிப்பவர். முதல் ராகத்திலேயே தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். எட்டு அட்சரம் கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்றாவது ராகம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். “தாளம் இருக்கு சார், ஆனா எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்குது” என்றார்.

இந்த இசையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. நம் கச்சேரியில் பாடகர் ஒரு ஸ்வரக் கோர்வையை நீட்டினால் மிருதங்கம் கூடவே நீளும், ஒரு சிரிப்போடு முட்டுக் கொடுக்கும். 808 யாருக்காகவும் காத்திருக்காது. தட்டிவிட்ட கணத்திலிருந்து ஒரே சீராக ஓடும். அதன் மேல் ராகத்தை நிதானமாக விரிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். சரண்ஜித் சிங் அவசரப்படுவதே இல்லை. கலாவதியைக் கேட்டால் நமக்கு வலஜி தெரியும், மால்கௌன்ஸில் ஹிந்தோளம், பூபாளியில் மோகனம், பைராகியில் ரேவதி. ஆரோகண அவரோகணத்தை ஒப்பித்துவிட்டுப் போகும் வாசிப்பு இல்லை இது. ஒரு ஸ்வரத்தில் நின்று, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுப் பார்த்து, பிறகே மேலே போகிறார்.

டி.பி-303-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்க வந்த சின்னப் பெட்டி அது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஸ்வரங்களை ஒவ்வொன்றாக முன்கூட்டியே பதித்து வைக்க வேண்டும். வேலை பிடிக்காமல் பலர் விற்றுவிட்டார்கள், கம்பெனியும் 1984-ல் நிறுத்திவிட்டது. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. பியானோவால் முடியாதது அது. நம் வீணைக்காரர் ஜாருவில் செய்வதன் எளிய நிழல் என்று சொல்லலாம். கமகம் என்று சொல்லிவிட முடியாது, அந்த நுணுக்கம் இயந்திரத்துக்கு வராது. தோடியிலும் லலித்திலும் அந்தக் குறை காதில் படுகிறது. ஐந்து ஸ்வர ராகங்களில் படவில்லை. என் காதுக்கு இந்தத் தொகுப்பில் வென்ற ராகங்கள் கலாவதியும் மால்கௌன்ஸும்தான்.

இனி மறுவருகை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை நேரில் வாசித்தார் சரண்ஜித் சிங். எதிரே உட்கார்ந்து தலையாட்டும் சபை இல்லை, நின்று ஆடும் இளைஞர் கூட்டம். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிசகினால் இன்னொரு முறை எடுக்கலாம். மேடையில் 808 ஓட ஆரம்பித்தால் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அங்கே அவரைக் காப்பாற்றியது கல்யாண மேடைகள் என்பது என் கணிப்பு. முப்பது வருடம் அவர் நிறுத்தி வைத்தது இந்த ஒரு பரிசோதனையை மட்டும்தான், விரல்கள் ஒரு நாளும் ஓயவில்லை. டாதேவுக்கு உடம்பைத் திரும்பத் தயார் செய்ய வேண்டியிருந்தது. இவருக்கு இல்லாமல் இருந்தது கேட்க வரும் கூட்டம் ஒன்றுதான். அது கிடைத்த சில ஆண்டுகளில், 2015 ஜூலையில், மும்பையில் காலமானார்.

பரிசோதனை நடந்தும் கேட்க ஆளில்லாமல் கிடந்த கதை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் உண்டு. 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அங்கே பதிவு செய்த ஒலிநாடாக்கள் 2023-ல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

இத்தனைக்கும், பரிசோதனை டெல்லிக்குப் புதிதா என்ன? அகில இந்திய வானொலி 1952-ல் வாத்ய விருந்தா என்ற வாத்தியக் குழுவைத் தொடங்கியபோது ரவிசங்கரோடு அதை நடத்தியவர் டி.கே. ஜெயராம ஐயர். பின்னால் வீணை ஈமனி சங்கர சாஸ்திரியும் அந்தக் குழுவுக்கு இசையமைத்தார். இந்துஸ்தானி, கர்நாடகம் ஆகிய இரண்டு சம்பிரதாயங்களையும் ஒரே மேடையில் அமர்த்தி, எழுதிவைத்த இசையை வாசிக்கச் செய்வது அந்தக் காலத்தில் சின்னக் காரியமில்லை.

டெல்லியிலும் சென்னையிலும் சபா நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஒரு மாலையை இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு காலத்தில் புதிதாக எதையோ செய்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் வேறு வேலைக்குப் போன கலைஞர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்கள் கையில் தெம்பு இருக்கும்போதே கூப்பிடுங்கள். முன்வரிசை நிறையாவிட்டாலும் பரவாயில்லை, வாசிக்கட்டும்.