குட்டி ஜப்பானும் சாக்கேயின் அளவுகோலும்

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு அழைத்தார் என்பது இந்த வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசும் அச்சும் பின்னால் வந்தன. அந்த உழைப்புக்குக் கிடைத்த பட்டம் அது. ஆனால் ஜப்பானியரின் இன்னொரு பழக்கம் இங்கே அதிகம் பேசப்பட்டதில்லை. ஒரு கைத்தொழிலின் சுவைக்கு அளவுகோல் வகுப்பார்கள். ஆண்டுக்கொரு முறை ஊர் கூடி ருசி பார்ப்பார்கள். அரிசியிலிருந்து வடியும் சாக்கே என்ற மதுவில் அந்தப் பழக்கத்தை முழுமையாகக் காணலாம்.

விருதுநகரில் மதுவைப் பற்றி எழுதுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956இல் இந்த ஊரில் உண்ணாநோன்பு தொடங்கி உயிர்நீத்த தியாகி சங்கரலிங்கனாரின் 12 கோரிக்கைகளில், நாடு முழுவதும் மதுவிலக்கு என்பதும் ஒன்று. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது. சாக்கேக் கோப்பையை இங்கே யாரும் ஏந்த வேண்டியதில்லை. அதைச் சுற்றி வளர்ந்த ஒழுங்கு மட்டும் நம் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் தேவைப்படுகிறது.

ஹிரோஷிமா மாநிலத்தில் சைஜோ என்றொரு ஊர். செங்கல் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் மதுக்கூடத் தெரு அதன் அடையாளம். 1990 முதல் அங்கே ஒவ்வோர் அக்டோபரிலும் சாக்கே விழா நடக்கிறது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான சாக்கே வகைகளை ஒரே பூங்காவில் அடுக்கி வைப்பார்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவர் கையில் சிறு கோப்பையோடு மாநிலம் மாநிலமாக நடந்து ருசி பார்க்கலாம். மதுக்கூடங்களும் கதவைத் திறந்துவைக்கும். இறைச்சியையும் காய்கறிகளையும் சாக்கே ஊற்றி, உப்பும் மிளகும் மட்டும் சேர்த்து வேகவைக்கும் ‘பிஷு நாபே’ அங்கே பெயர்பெற்ற உணவு. மதுக்கூடத் தொழிலாளர்கள் தங்கள் வயிற்றுக்காகச் சமைத்தது அது.

இந்த வட்டாரத்தின் பெருமை எளிதில் வந்ததில்லை. அங்கே கிடைப்பது மென்தண்ணீர். அதில் நொதிப்பு மந்தமாக நடக்கும்; சரக்கு எளிதில் கெடும். மியுரா சென்சாபுரோ என்பவர் அந்தத் தண்ணீருக்கேற்ற வடிமுறையைப் பல ஆண்டுகள் முயன்று கண்டுபிடித்தார். கண்டதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் 1898இல் நூலாக அச்சிட்டுப் போட்டியாளர்களுக்கும் கொடுத்தார். அதற்கு 2 ஆண்டுகள் முன்பு அதே சைஜோவில் சதாக்கே ரீச்சி விசையால் இயங்கும் அரிசி தீட்டும் இயந்திரத்தைச் செய்திருந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் நம் அரிசி ஆலைக்காரர்களுக்கும் பழக்கமானதுதான்.

சாக்கேயின் மரபுகள் தண்ணீரிலிருந்தே பிரிகின்றன. கோபே நகரை ஒட்டிய நாடா வட்டாரத்தில் தாது மிகுந்த வன்தண்ணீர். அங்கே வடிவது முறுக்கான சாக்கே. கியோட்டோவின் ஃபுஷிமியில் தண்ணீர் மென்மை, மதுவும் மென்மை. முன்னதை ஆண் சாக்கே என்றும் பின்னதைப் பெண் சாக்கே என்றும் சொல்வது பழைய வழக்கம். நாடாத் தண்ணீரின் மகிமையை உலகுக்குக் காட்டியது ஒரு வியாபாரியின் பிடிவாதம். யமாமுரா தசாயெமோனுக்கு இரண்டு ஊர்களில் மதுக்கூடங்கள் இருந்தன. நிஷினோமியாவில் வடித்தது எப்போதும் ஒரு படி மேலாக இருந்தது. அரிசியை ஒன்றாக்கிப் பார்த்தார், ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தார், வித்தியாசம் போகவில்லை. கடைசியில் 1840இல் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரையே மற்ற ஊருக்குச் சுமந்துபோய் வடித்தார், விடை கிடைத்தது. ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்கும் இந்தப் பொறுமை இல்லாமல் எந்தத் தொழிலிலும் தரம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இன்னொரு பிரிவு ஆட்களைப் பொறுத்தது. வடிப்பின் தலைமைக் கைவினைஞரைத் தோஜி என்பார்கள். நான்பு, எச்சிகோ, தான்பா ஆகிய மூன்று வட்டாரத் தோஜிக் கூட்டங்கள் பெயர்பெற்றவை. வயல் வேலை முடிந்ததும் குளிர்காலத்துக்கு மதுக்கூடங்களுக்குப் போய்த் தங்கி வேலை செய்து, வசந்தத்தில் வீடு திரும்பிய உழவர்கள் இவர்கள். பருவம் வந்ததும் பனங்காட்டில் விடிலி கட்டிக் குடும்பத்தோடு தங்கும் நம் பனையேறிகளுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

இனி தரம். 1943 முதல் ஜப்பானிய அரசு சாக்கேயை வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கேற்ப வரி போட்டது; பின்னாளில் அவை உயர்வகை, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என மூன்றாக நின்றன. சோதனைக்கு அனுப்பாத சரக்கெல்லாம் தானாக இரண்டாம் வகுப்பு. வரியைத் தவிர்க்க நல்ல சாக்கேயையும் சோதனைக்கு அனுப்பாமல் விற்றவர்கள் இருந்தார்கள். வகுப்பு சுவையைச் சொல்லும் தகுதியை இழந்தது. 1992இல் அம்முறை முற்றாக ஒழிந்தது. அதற்குள் 1990இலேயே வேறு விதி வந்திருந்தது: செய்த விதத்தைச் சீட்டிலேயே சொல்ல வேண்டும். அரிசியைத் தீட்டிய பின் 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால்தான் கின்ஜோ என்று எழுதலாம். 50க்கு இறங்கினால் தாய்கின்ஜோ. அரிசி, தண்ணீர், கோஜிப் பூஞ்சை ஏறிய அரிசி ஆகியவற்றால் மட்டும் ஆகி, வெளிச் சாராயம் சேராதது ஜுன்மாய். எவரும் அளந்து பார்க்கக்கூடிய இந்த உண்மைகள் மூன்று வகுப்பு முத்திரைகளைவிட மேலானவை என்பதில் ஐயமில்லை.

ருசி பார்ப்பதற்கும் கருவி உண்டு. வெள்ளைப் பீங்கான் கோப்பையின் அடியில் இரண்டு நீல வளையங்கள். அவற்றின் விளிம்பு தெரியும் விதத்தைக்கொண்டு சாக்கேயின் தெளிவைக் கணிக்கலாம். நிறம் மனத்தைச் சாய்த்துவிடக் கூடாதென்று தேசியத் தேர்வில் பழுப்புக் கண்ணாடிக் கோப்பையும் பயன்பட்டிருக்கிறது. 1911 முதல் நடந்துவரும் அந்தத் தேர்வில் முதலிடம் என்று ஒருவரை மட்டும் தூக்கிவைப்பதில்லை. தரத்தைத் தொட்டவர்கள் பலருக்கும் தங்கப் பரிசு உண்டு.

பனைக்கு வருவோம். 1978 முதல் பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2023இல் உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றன. வேம்பார், சாயல்குடிச் சரக்குக்கும் அவரவர் வாடிக்கையாளர் உண்டு. குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். ஒரே ஊரில் இரண்டு விடிலிகளின் கருப்பட்டிக்கு இடையேயுள்ள வேறுபாட்டை அதனால் சொல்ல முடியாது.

அந்த வேறுபாடு நிறையவே இருக்கிறது. ஆண்பனைப் பாளையைக் கடிப்பால் நசுக்கி இறக்கியதா, பெண்பனையில் இறக்கியதா? கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு பூசப்பட்டது? குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். கூடினால் நாக்கில் காரும். எந்த மாதம் காய்ச்சியது? சீனி சேர்ந்ததா? கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காததால்தான் கலப்பில்லாத கருப்பட்டி காய்ச்சுபவர் விலையில் தோற்கிறார். இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லும் சீட்டு ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டப்பட வேண்டும். நாட்டுக்கே சீட்டு அச்சடிக்கும் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது.

விழாவுக்கு நாளும் தயாராக இருக்கிறது. விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் வரும்போது ஊரில் பொருட்காட்சியும் கூடுகிறது. பதநீர் இறங்கும் பருவமும் அதுவே. அங்கே ஒரு மூலையில் ருசிக் கூடம் போடலாம். பதநீரை வெயில் ஏறுமுன் காலையிலேயே பரிமாறிவிட வேண்டும். கருப்பட்டிக்கு நாள் முழுவதும் நேரம் உண்டு. சென்ற ஆண்டுச் சரக்கையும் புதுச் சரக்கையும் அருகருகே வைக்கலாம், சுக்குக் கருப்பட்டிக்குத் தனி மேசை போடலாம். தட்டில் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். நடுவர்களைத் தேட வெளியூர் போகவும் வேண்டாம். ஜப்பானிய மதுக்கூடங்கள் பெண்களை நெடுங்காலம் உள்ளே விடாதிருந்துவிட்டு, பிற்காலத்தில்தான் பெண் தோஜிகளை ஏற்றன. விடிலியில் அடுப்பெரித்து, பதநீர் பாகாகும் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நடுவர் வரிசையில் முதல் நாற்காலிகள் அவர்களுக்குரியவை.