ஒப்பந்தமும் உடன்படிக்கையும்: "மை டீமன்" என்னும் கொரியத் தொடர் குறித்து ஓர் இறையியல் நோக்கு

தென் கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 2023 நவம்பர் 24 முதல் 2024 ஜனவரி 20 வரை 16 பகுதிகளாக ஒளிபரப்பிய "மை டீமன்" என்னும் தொடர், நெட்ஃபிளிக்ஸ் வாயிலாகப் பல நாடுகளின் இளைஞரையும் சென்றடைந்தது. பிசாசு ஒருவனும் மானிடப் பெண் ஒருத்தியும் கொள்ளும் காதலே இதன் கதைப்பொருள். இத்தகைய படைப்புகளைக் குறித்துத் திருச்சபை வட்டாரங்களில் இருவகை மறுமொழிகள் எழுவது இயல்பு. பிசாசை அழகனாகக் காட்டுவது ஆத்துமாவுக்குக் கேடு என்று தள்ளிவிடுவோர் ஒருசாரார். பொழுதுபோக்கை இறையியலால் அளப்பானேன் என்று புன்னகையோடு விலகுவோர் மறுசாரார். இவ்விரு மறுமொழிகளும் தொடரைப் பாராமலேயே தரக்கூடியவை. நாம் இங்கு மேற்கொள்வது வேறு. இத்தொடர் எதைக் குறித்துப் பேசுகிறது, அதை எவ்வளவு நேர்மையோடு பேசுகிறது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

கதாநாயகனின் பெயரே நமக்கு வழி திறக்கிறது. அவன் பெயர் ஜங் கூ-வொன். கொரிய மொழியில் "கூவொன்" என்னும் சொல்லுக்கு மீட்பு, இரட்சிப்பு என்று பொருள். கொரியத் திருச்சபைகள் பிரசங்கத்திலும் ஞானப்பாட்டிலும் இரட்சிப்பைக் குறிக்க வழங்கும் சொல்லும் இதுவே. பிசாசுக்கு "இரட்சிப்பு" எனப் பெயரிட்டு ஒரு கதையைத் தொடங்கும் ஆசிரியர் இறையியல் களத்தினுள் தாமாகவே அடியெடுத்து வைத்துவிட்டார். எனவே நாமும் அக்களத்தில் நின்று அவரோடு உரையாடுவது அத்துமீறலாகாது.

1. கதையின் அமைப்பு

கூ-வொன் இருநூறு ஆண்டுகளாக மனிதரோடு ஒப்பந்தம் செய்துவருபவன். துயரத்தின் எல்லையில் நிற்போரிடம் அவன் வருகிறான், விரும்பியதைத் தருகிறான், பத்து ஆண்டுகள் கழித்து அவர்கள் ஆத்துமா நரகத்திற்குரியது. தோ தோ-ஹீ, மிரே என்னும் பெருவணிகக் குழுமத்தைச் சேர்ந்த உணவு நிறுவனமொன்றின் தலைவி, எவரையும் நம்பாதவள். கடலில் மூழ்கவிருந்த அவளை அவன் காப்பாற்றும் வேளையில், அவன் மணிக்கட்டிலிருந்த சிலுவை வடிவப் பச்சைக்குறி அவள் மணிக்கட்டிற்கு மாறிவிடுகிறது. அதனோடு அவன் ஆற்றலும் நீங்குகிறது. அவள் கரத்தைப் பற்றும்போது மட்டுமே அது திரும்புகிறது. ஒப்பந்தங்கள் செய்யாவிடில் அவன் தானே தீப்பற்றி அழிவான் என்பது அவன்மேல் விதிக்கப்பட்ட நியதி. அவளுக்கோ, தன்னை வளர்த்த குழுமத் தலைவியின் மரண சாசனம் திருமணத்தை நிபந்தனையாக்கியிருக்கிறது, உயிருக்கும் ஆபத்துண்டு. ஆகவே இருவரும் ஒப்பந்தத் திருமணம் செய்துகொள்கின்றனர். ஒப்பந்தம் காதலாக மாறுவதே பின்கதை.

பிற்பகுதியில் முற்பிறப்பொன்று வெளிப்படுகிறது. கூ-வொன் ஜோசன் அரசர் காலத்தில் யி சொன் என்னும் உயர்குடி மனிதனாயிருந்தவன். அவன் நேசித்த வொல்-சிம் "கிசெங்" எனப்பட்ட ஆடல்மகளிர் வகுப்பினள். மறைவில் கத்தோலிக்க விசுவாசத்தைக் கைக்கொண்டவள். அவள் கொடிய முறையில் மாண்டபோது, அத்துயரிலும் சினத்திலும் அவன் கடவுளை எதிர்த்தெழுந்து பிசாசாயினான். அவளே இப்பிறப்பில் தோ-ஹீ.

2. தொடரின் சிறப்பு

நகைச்சுவையும் வேகமும் கலந்த நடிப்பினால் கிம் யூ-ஜங், சொங் காங் ஆகிய இருவரும் கதையைத் தாங்குகின்றனர் என்பது ஒருபுறமிருக்க, தொடரின் உண்மையான வலிமை அதன் ஒருமைப்பாட்டில் உள்ளது. இங்கு எல்லாமே ஒப்பந்தம். வணிகக் குழுமம் ஒப்பந்தத்தால் நடக்கிறது. வாரிசுரிமை சாசனத்தால் பேரம் பேசப்படுகிறது. திருமணமும் நிபந்தனைகளோடு எழுதப்படுகிறது. ஆத்துமாவும் தவணைக்கு விற்கப்படுகிறது. நரகத்தின் வாணிபமும் நகரத்தின் வாணிபமும் ஒரே இலக்கணத்தில் நடப்பதைக் காட்டுவது அற்பமான சாதனையன்று. அலுவலக உடையில் வரும் பிசாசு அந்த உலகில் அந்நியனாகத் தோன்றுவதேயில்லை.

இவ்வகையில் தொடர் ஒரு நீண்ட மரபின் வழித்தோன்றலாகும். ஜெர்மானியக் கதைமரபில் ஃபாஸ்ட் என்னும் அறிஞன் 24 ஆண்டுத் தவணைக்குத் தன் ஆத்துமாவை விற்றான். நமது திருமறையிலும் சோதனைக்காரன் ஒப்பந்தத்தோடுதான் வருகிறான். தன்னைப் பணிந்தால் உலக இராச்சியங்கள் அனைத்தையும் தருவதாக வனாந்தரத்தில் அவன் ஆண்டவரிடம் விலை பேசியதை மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்பது பிசாசின் மொழிநடை என்று தொடர் உணர்ந்திருக்கிறது. பிரசங்க பீடத்திலிருப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். பொருத்தனை செய்தால் வேலை கிடைக்கும், காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று போதிக்கையில், கடவுளின் வாயில் யாருடைய மொழியை நாம் வைக்கிறோம்?

3. எந்தப் பிசாசு?

தொடரின் பெயரில் ஆங்கிலச் சொல் நின்றாலும், கொரிய மொழியில் பிசாசைக் குறிக்கும் வழக்குச்சொல் "அக்மா" என்பதாகும். இதன் ஈற்றசையான "மா", வடமொழி "மாரன்" என்னும் பெயரை ஒலிபெயர்க்கச் சீனர் அமைத்த எழுத்திலிருந்து வந்தது. புத்தரைச் சோதித்த அந்த மாரனின் நிழல், கிறிஸ்தவர் வருமுன்னரே அம்மொழியில் குடியேறியிருந்தது. மறுபிறப்பும் வினைத்தொடர்ச்சியும் கதையின் முதுகெலும்பாக அமைந்ததும் இதனாலேயே. சிலுவைக்குறி கிறிஸ்தவத்தினின்று வந்தது; கதையின் காலக்கணக்கு பௌத்தத்தினின்று வந்தது.

கூ-வொன் வீழ்ந்த தூதனல்லன்; துயரத்தால் உருமாறிய மனிதன். ஆகையால் சாத்தானும் இறுதியில் மீட்கப்படுவானோ என்று ஒரிகன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பழைய வினாவிற்கு இத்தொடர் விடையாகாது. எபிரெயர் 2:16 கூறுவதுபோல் கிறிஸ்து கைகொடுத்தது தேவதூதருக்கன்று, ஆபிரகாமின் சந்ததிக்கே. கூ-வொனும் அச்சந்ததியின் எல்லைக்குள் நிற்பவனே. அவனைக் கொரியர் "ஹான்" என்றழைக்கும் உணர்வின் வடிவமாகக் கொள்வது பொருத்தம். தீர்க்கப்படாத அநீதி நெஞ்சில் உறைந்து இறுகுவதே ஹான். 1976-இல் மியோங்டோங் பேராலய அறிக்கைக்காகச் சிறை சென்ற மின்ஜுங் இறையியலாளர் சூ நாம்-டொங், இறையியலாளன் மக்களின் ஹானுக்குக் குருவாக நிற்க வேண்டுமென்று வற்புறுத்தினார். அவ்வழியில் நோக்கினால் இத்தொடர் கேட்கும் வினா தகுதியானதே: நீதி கிடையாத துயரம் பிசாசாக இறுகிவிட்டால், அதைத் தீர்ப்பவர் யார்?

4. தொடர் தவறுமிடங்கள்

வினா தகுதியானதாயினும், விடை அத்தகையதன்று. மூன்று குறைகளைச் சுட்ட விரும்புகிறோம்.

முதலாவது, வொல்-சிம்மின் விசுவாசம். ஜோசன் நாட்டில் 1801, 1839, 1866 ஆகிய ஆண்டுகளில் கத்தோலிக்கர் பெருங்கொடுமைக்குள்ளாயினர். முன்னோர் வழிபாட்டை மறுத்ததோடு, குலவேறுபாடின்றி ஒரே அறையில் முழங்காற்படியிட்டதும் ஆள்வோருக்குப் பொறுக்கவொண்ணாததாயிற்று. 1801-இல் தலை துணிக்கப்பட்ட காங் வான்-சுக் என்னும் கொலும்பா, குருவானவரைத் தம் இல்லத்தில் மறைத்து வைத்துப் பெண்களுக்கு மறைக்கல்வி கற்பித்த தலைவி. 1802-இல் மாண்ட ஹ்வாங் இல்-குவாங், இறைச்சி வெட்டுவோராகிய தாழ்த்தப்பட்ட குலத்தவர். உயர்குடி விசுவாசிகள் தம்மைச் சரிநிகராய் நடத்துவதால் தமக்கு இம்மையிலும் ஒரு மோட்சம், மறுமையிலும் ஒரு மோட்சம் உண்டென்று கூறியதாக அவரைப் பற்றிய நினைவு வழங்குகிறது. இவ்விருவரும் 2014 ஆகஸ்ட் 16-இல் சியோலில் முக்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட 124 பேருள் அடங்குவர். கிசெங் மகளிரும் தாழ்ந்த பிறப்பினராகவே எண்ணப்பட்டனர். அத்தகைய ஒருத்தி அவ்விசுவாசத்தைத் தழுவினாள் எனில், அங்கே அவள் எதைக் கண்டாள்? தொடர் இதைக் கேட்பதேயில்லை. அவள் சிலுவை ஓர் அணிகலனாகி, பின்னர் மந்திரக் குறியாகி, இறுதியில் காதலனின் ஆற்றலை நிரப்பும் கருவியாகிவிடுகிறது. இரத்தசாட்சிகளின் மரணம் ஒரு காதற்கதைக்குச் சோக வண்ணம் பூசுவதற்குப் பயன்பட்டதேயன்றி, அவர்கள் எதற்காக மாண்டனர் என்பது பேசப்படவில்லை. சபைக்குள்ளும் குலம் பார்க்கும் வழக்கம் ஒழியாத நமக்கு இவ்விடுபாடு சிறிதாகத் தோன்றலாகாது.

இரண்டாவது, ஒப்பமிட்டவர்கள். இருநூறு ஆண்டுகளில் கூ-வொன் நரகத்திற்கு அனுப்பியோர் பலர். அவர்களும் ஹான் மிகுந்த மனிதர்களே; இயலாமையின் உச்சத்தில் கையொப்பமிட்டவர்களே. காதல் அவனை மென்மையாக்குகிறது. அவன் பிறர் துயரை உணரத் தொடங்குகிறான். அவன் மனந்திரும்புதலை நாமும் மகிழ்வோடு காண்கிறோம். ஆயினும் அம்மனிதரின் கதி கதையின் விளிம்பிலேயே விடப்படுகிறது. சகேயு மனந்திரும்பியபோது தன்னால் வஞ்சிக்கப்பட்டோரை நினைத்தான். நாலத்தனையாய்த் திருப்பித் தர முன்வந்தான். பாதிக்கப்பட்டோரை நோக்கித் திரும்பாத மனந்திரும்புதல் எத்துணை உருக்கமாயிருப்பினும் பாதி வழியில் நின்றதாகும்.

மூன்றாவது, கடவுள். இத்தொடரில் கடவுள் வீடற்று வீதியில் வாழும், சூதாட்டத்தில் விருப்பமுள்ள ஒரு பெண்ணாக வருகிறார். வறியோரின் தோற்றத்தில் கடவுளைக் காட்டியதை நாம் குறைகூறோம். மத்தேயு 25-ஐ அறிந்தோர் அதற்கு அதிர்ச்சியடையத் தேவையில்லை. பரலோகத்தில் பந்தயம் என்னும் கருத்தும் புதிதன்று. யோபுவின் முகவுரையையும், அதைப் பின்பற்றி கதே தமது ஃபாஸ்ட் நாடகத்திற்கு அமைத்த முகவுரையையும் நாம் அறிவோம். ஆனால் யோபின் கடவுள் இறுதியில் பெருங்காற்றிலிருந்து யோபோடு பேசுகிறார். இத்தொடரின் கடவுளோ பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார். அவர் எவருடைய பாடுகளையும் தம்மேல் ஏற்பதில்லை. கடவுள் வெறும் பார்வையாளரானபின் மீட்பராகும் வேலை பிசாசின் பங்காகிவிடுவதில் வியப்பில்லை. "இரட்சிப்பு" என்னும் பெயர் அவனுக்குச் சென்றதன் காரணம் இதுவே.

5. தன்னைக் கொடுத்தல்

தோ-ஹீயின் உயிர்காக்கக் கூ-வொன் தன்னையே அழிவுக்குக் கொடுத்துத் தீயில் மறைகிறான். பின்னர் மீண்டு வருகிறான். மரணமும் மீளெழுச்சியும் சேர்ந்த இவ்வமைப்பைக் கண்டு, இதைப் பிரசங்கத்தில் சிலுவைக்கு உவமையாக்கலாமென்று சில மாணவர் கருதக்கூடும். அவ்வாறு செய்யுமுன் ரோமர் 5-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிக்குமாறு வேண்டுகிறோம். நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் மரிக்கத் துணியலாம் என்பதைப் பவுல் முன்னமே ஒப்புக்கொள்கிறார். கூ-வொன் நிற்கும் உயரம் அது. மெய்யான உயரமே, பழிக்கத்தக்கதன்று. பவுல் வியப்பது வேறொன்றை: பகைவராயிருந்தோருக்காக, அன்பைத் திருப்பித் தராதோருக்காகக் கிறிஸ்து மரித்தார். காதலனின் தியாகம் காதலியின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அந்த ஒப்பமிட்டவர்களை அது எட்டவில்லை. உவமை கூறுவோர் இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கூறினால் மட்டுமே சபைக்குப் பயனுண்டு.

தமிழில் இன்று ஒப்பந்தம், உடன்படிக்கை என்னும் இரு சொற்களும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. திருமறை இவற்றைப் பிரித்தறியக் கற்பிக்கிறது. ஆதியாகமம் 15-இல் துண்டங்களின் நடுவே கடந்துசென்றது புகையும் சூளையும் எரிகிற தீப்பந்தமுமே. ஆபிராமோ அயர்ந்த நித்திரையிலிருந்தான். உடன்படிக்கையின் பாரத்தைக் கடவுள் தாமே ஏற்றார். ஒப்பந்தத்தில் தவறியவன் அழிவான். உடன்படிக்கையில், தவறியவனுக்காக அதை ஏற்படுத்தியவரே விலை கொடுக்கிறார். "மை டீமன்" ஒப்பந்த உலகின் வறுமையை நன்கு காட்டிற்று. அதைக் கடக்க ஏங்கவும் செய்தது. நிபந்தனைக்காக மணந்த இருவர், நிபந்தனை மறைந்த பின்பும் ஒருவரையொருவர் விடாதிருப்பதில் அவ்வேக்கம் தெரிகிறது. ஆனால் உடன்படிக்கையை அறியாத கதை, ஏக்கத்தைத் தற்செயலிடமே ஒப்படைக்க நேர்ந்தது.

இத்தொடரைக் காணும் இளைஞரிடம் குருமார் தடையோடு செல்ல வேண்டியதில்லை; வினாவோடு செல்லலாம். வொல்-சிம் எதை நம்பினாள்? ஒப்பமிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? உன் கடவுள் பேரம் பேசுகிறவரா? மூன்றாவது வினாவை அவர்களிடம் கேட்குமுன், கடந்த ஞாயிறு நாம் ஆற்றிய பிரசங்கத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நலம்.